கல்வராயன் மலை வரை போகும் அயோடின் உப்பு: குழந்தைகளின் மூளையைக் காத்த டாக்டர் ராமலிங்கசுவாமி யார்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் சாமை விளைகிறது, மரவள்ளி விளைகிறது, கடுக்காயும் புளியும் கிடைக்கின்றன. சமையலுக்கு வேண்டியதில் பெரும்பகுதி மலையிலேயே உண்டு. உப்பு மட்டும் கீழேயிருந்துதான் ஏற வேண்டும்.

இன்று அந்த உப்புப் பொட்டலத்தில் அயோடின் கலந்திருக்கிறது. உப்புக்குள் அதைக் கொண்டுவந்த ஆராய்ச்சிக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் வுலிமிரி ராமலிங்கசுவாமி. கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் அடுப்படி உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு அவருடைய வாழ்க்கையே பதில்.

யார் இவர்?

ராமலிங்கசுவாமி 1921 ஆகஸ்ட் 8 அன்று ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்தில் பிறந்தார். விசாகப்பட்டினம் ஆந்திர மருத்துவக் கல்லூரியில் 1944-இல் எம்.பி.பி.எஸ்., 1946-இல் எம்.டி. முடித்தார். பின்னர் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். கிளினிக் வைத்திருந்தால் நல்ல வருமானம் பார்த்திருக்கலாம். அவர் எடுத்துக்கொண்டதோ நோய்க்குறியியலும் ஊட்டச்சத்து ஆராய்ச்சியும்.

அவரை உருவாக்கியதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. நீலகிரி மாவட்டம் குன்னூரில் அப்போது தேசிய அளவிலான ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் இயங்கியது. பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் 1918-இல் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிவைத்த ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது அது. பின்னாளில் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றதும் இதுதான். குன்னூரில் ராமலிங்கசுவாமியோடு பணியாற்றியவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி.கோபாலன். புரதமும் சத்தும் போதாமல் உடல் வீங்கிப்போகும் குழந்தைகளைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வு 1955-இல் வெளிவந்தது.

காங்ராவில் என்ன நடந்தது?

இமயமலை அடிவாரக் கிராமங்களில் தொண்டையில் கட்டியோடு நடமாடுபவர்களைப் பார்ப்பது அன்று சர்வசாதாரணம். முன்கழுத்துக் கழலை என்று மருத்துவர்கள் சொல்லும் அந்தக் கட்டி, தைராய்டு சுரப்பி பெருத்துப்போவதால் வருவது. அதே ஊர்களில் காது கேளாமல், பேச்சு வராமல், வளர்ச்சி குன்றிப் பிறந்த குழந்தைகளும் இருந்தார்கள். ஊர்க்காரர்கள் அதைத் தலையெழுத்து என்றார்கள். குன்னூருக்கு வருவதற்கு முன் கில்கித் பகுதியில் கழலையை ஆராய்ந்த மெக்கரிசன், அசுத்தமான குடிநீர் மீது சந்தேகப்பட்டார்.

அயோடின் கொடுத்தால் கழலை குறையும் என்பது சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் அதற்குள் தெரிந்திருந்தது. ஆனால் ஏழை நாட்டில், மழையும் ஈரமும் உள்ள மலைக் கிராமங்களில், சாதாரண உப்பின் வழியே அதைக் கொடுத்துச் சாதிக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை தேடி 1956-இல் காங்ரா பள்ளத்தாக்கில் ஆய்வு தொடங்கியது. இன்று இமாசலப் பிரதேசத்தில் இருக்கும் காங்ரா அப்போது பஞ்சாபில் இருந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும் பகுதியை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு, இன்னொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பு, மூன்றாவது பகுதிக்கு வெறும் உப்பு.

சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அயோடின் உப்பு போன இரு பகுதிகளிலும் கழலை ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. வெறும் உப்பு போன இடத்தில் மாற்றமே இல்லை. மூன்றாவது பகுதியை அப்படியே விட்டுவிடவில்லை. பிறகு அங்கும் அயோடின் உப்பு கொடுக்கப்பட்டு, அங்கும் கழலை இறங்கியது. சூச் என்ற மருத்துவருடன் சேர்ந்து ராமலிங்கசுவாமி இந்த முடிவுகளை 1965-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டார்.

ஆய்வின் விளைவு அதற்கு முன்பே தெரிய ஆரம்பித்துவிட்டது. 1962-இல் மத்திய அரசு தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஈரத்தையும் வெயிலையும் தாங்கி நிற்கும் பொட்டாசியம் அயோடேட்தான் இன்றும் இந்திய உப்பில் கலக்கப்படுகிறது.

கழுத்துக் கட்டிக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு?

தைராய்டு சுரப்பி தன் ஹார்மோனைத் தயாரிக்க அயோடின் கட்டாயம் தேவை. கருவில் மூளை உருவாகும்போது நரம்பணுக்கள் சரியான இடத்துக்கு நகர்ந்து போவதற்கும், ஒன்றோடொன்று இணைவதற்கும், நரம்பைச் சுற்றி உறை படிவதற்கும் இந்த ஹார்மோன் வேண்டும். கர்ப்பத்தின் முதல் பாதியில் குழந்தை பெரும்பாலும் தாயின் ஹார்மோனை நம்பித்தான் இருக்கிறது. தாய்க்கே அயோடின் போதாவிட்டால் குழந்தைக்கு எங்கிருந்து கிடைக்கும்?

இத்தனைக்கும் தேவைப்படும் அளவு மிகச் சிறியது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250 மைக்ரோகிராம். வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்தால் ஒரு தேக்கரண்டி அளவுதான் வரும். ஆனால் உடலால் இதை நீண்ட காலத்துக்குச் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, தினமும் வேண்டும்.

ராமலிங்கசுவாமி 1969 முதல் 1979 வரை டெல்லி எய்ம்ஸ் இயக்குநராகவும், அதன்பின் 1986 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநராகவும் இருந்தார். அவரோடு அயோடின் ஆய்வில் இறங்கிய எய்ம்ஸ் மருத்துவர் கொச்சுப்பிள்ளையின் குழு, உத்தரப் பிரதேசத்தின் கோண்டா, தேவரியா மாவட்டங்களில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தது. தைராய்டு ஹார்மோன் குறைவோடு பிறந்த குழந்தைகள் அங்கே ஏராளம். கேரளத்தோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

இதனால் பிரச்சினையின் முகமே மாறியது. கழுத்தில் தெரியும் கட்டியைவிட, வெளியே தெரியாமல் மழுங்கும் கற்கும் திறன்தான் பெரிய இழப்பு என்பது புரிந்தது. 1983-இல் பேசில் ஹெட்ஸல் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து அயோடின் குறைபாட்டு நோய்கள் என்று பெயர் வைத்தார். கடுமையான குறைபாடுள்ள பகுதிகளில் குழந்தைகளின் சராசரி நுண்ணறிவு ஈவு 13 புள்ளிகளுக்கு மேல் குறைகிறது என்று பின்னாளில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணித்தார்கள்.

இமயமலைக்கு வெளியேயும் குறைபாடு இருப்பது தெரிந்ததும், நாடு முழுவதற்கும் அயோடின் உப்பு என்ற முடிவு 1984-இல் எடுக்கப்பட்டது.

அப்படியானால் ஆட்டிசம்?

இங்கே ஒரு குழப்பம் வந்துவிடக் கூடாது. அயோடின் குறைபாடு வேறு, ஆட்டிசம் வேறு. 1943-இல் அமெரிக்காவில் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய ஆய்வு ஆட்டிசத்தைப் பரவலாக அறியச் செய்தது. அதில் மரபணுக்களின் பங்கு பெரியது. அயோடின் உப்பு சாப்பிட்டால் ஆட்டிசம் வராது என்றோ, வந்தது சரியாகிவிடும் என்றோ யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு விஷயம் உண்டு. குழந்தை பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் முதலில் பழி விழுந்தது தாய் மீதோ விதி மீதோதான். பாசம் காட்டாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்று மேலை நாடுகளிலும் ஒரு காலத்தில் சொன்னார்கள். ஆராய்ச்சி வந்த பிறகே அந்தப் பழி விலகியது. அயோடின் விஷயத்தில் கூடுதலாக ஒரு நல்ல செய்தி: வராமலேயே தடுத்துவிடலாம்.

ஓய்வுக்குப் பிறகும் ராமலிங்கசுவாமி சும்மா இருக்கவில்லை. 1994-இல் சூரத்தில் பிளேக் பீதி பரவியபோது அதை ஆராய்ந்த நிபுணர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1996-இல் யுனிசெஃப் வெளியீட்டில் இருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், தெற்காசியக் குழந்தைகள் எடை குறைந்து பிறப்பதற்கும் மெலிந்து போவதற்கும் பெண்களின் நிலையே அடிப்படை என்று வாதிட்டார். 1971-இல் பத்ம பூஷண், 1986-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி எனப் பல கௌரவங்கள் வந்தன. 2001 மே 28 அன்று காலமானார்.

தமிழ்நாடு எங்கே நிற்கிறது?

உப்பு விளையும் மாநிலத்தில் இந்தப் பிரச்சினை இருக்காது என்றுதான் நினைப்போம். நிலவரம் நேர்மாறு. 2018-19 தேசிய அயோடின் கணக்கெடுப்பின்படி, போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதும் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான், மாநிலங்களிலேயே கடைசி. அயோடின் கலக்காத உப்பை உணவுக்காக விற்க 2006 முதல் தடை இருந்தும் இதுதான் நிலை. உப்பளத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் சாக்கு உப்பும் கல்லுப்பும் நேராகக் கடைக்கு வந்துவிடுகின்றன.

கல்வராயன் போன்ற மலைப்பகுதிகளில் கவனிக்க இன்னொன்றும் இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருட்கள் உள்ளன. அவை உடலில் தயோசயனேட்டாக மாறி, தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். அதற்காகக் கிழங்கை விட்டுவிடத் தேவையில்லை. தோலுரித்து, நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுச் சாப்பிடலாம். உப்பில் அயோடின் இருந்தால் பாதிப்புக்கு இடமிருக்காது.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பொட்டலத்தில் சிரிக்கும் சூரியன் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். உப்பை மூடி போட்ட டப்பாவில், அடுப்புச் சூடு படாத இடத்தில் வையுங்கள். சமையல் முடியும் நேரத்தில் போடுங்கள். அதிகம் போட்டால் அதிக நன்மை என்றில்லை, வழக்கமான அளவே போதும். கர்ப்பிணிகள் தைராய்டு பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்திலேயே தைராய்டு குறைவைக் கண்டுபிடிக்க முடியும். உடனே மாத்திரை தொடங்கினால் மூளையைக் காப்பாற்றிவிடலாம்.

குழந்தைக்குப் பேச்சோ நடையோ தாமதமானால், போகப் போகச் சரியாகும் என்று காத்திருக்காமல் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லிவிட வேண்டும். காரணம் தைராய்டாக இருந்தாலும் ஆட்டிசமாக இருந்தாலும், சீக்கிரம் கண்டுபிடித்தால் செய்யக்கூடியது அதிகம்.