திருவாலங்காட்டுச் செப்பேடும் கல்கியும்

மணவூரை அடுத்த புகைவண்டி நிலையம் திருவாலங்காடு. அவ்வூர்ப் பெயரால் வழங்கும் இராசேந்திர சோழரின் செப்பேடுகளைத் தேர்வுக்காகப் படித்து, மறந்தும் விடுகிறோம். அவற்றின் செய்தியைப் பெருங்கதையாக்கியவர் கல்கி.

ரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் இயற்பெயருடைய அவர் 1899இல் மாயவரம் அருகே புத்தமங்கலத்தில் பிறந்தார். திருச்சியில் பள்ளி இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுப் பள்ளியை விட்டார். 1922இல் சிறை சென்றார். வீட்டார் எவ்வளவு கலங்கினார்களோ! தேர்வென்றாலே நடுங்கும் நமக்கு நினைக்கவே அச்சமாயிருக்கிறது.

இத்தாலிய எழுத்தாளர் மன்சோனி, தமக்கு இருநூறு ஆண்டு முந்தைய மிலான் மக்களின் வாழ்வைப் புதினமாக்கி 1827இல் வெளியிட்டார். கல்கியோ ஆயிரம் ஆண்டு பின்னோக்கிச் சென்றார். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. மக்கள் தன்னையே விரும்பியும், சிறிய தந்தை முறையான உத்தம சோழனுக்கு அருண்மொழிவர்மன் அரசை விட்டுக்கொடுத்தான் என்பது திருவாலங்காட்டுச் செப்பேடு தரும் செய்தி. அந்தச் சில வரிகளே ஐந்து பாகக் கதைக்கு உயிர்நாடி. நந்தினி கற்பனைப் பாத்திரம் என்றறிந்தபோது நம்மில் பலர் ஏமாந்துதான் போனோம்!

கதை முடிந்த அதே ஆண்டு, டிசம்பர் 5ஆம் நாள் கல்கி காலமானார். 1956இல் 'அலை ஓசை' நாவலுக்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தபோது, பெற்றுக்கொள்ள அவர் இல்லை.