பாலைவனத்துத் துறவி சார்லஸ் தெ பூக்கோ

நற்கருணைப் பேழை முன்னே ஐந்து நிமிடம் சும்மா உட்காரச் சொன்னால் நமக்குக் கால் பரபரக்கும், இல்லையா? இவரோ மணிக்கணக்கில் உட்கார்ந்தார்.

1858-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பிறந்தவர். ஆறு வயது நிறையுமுன் தாய், தந்தை இருவரையும் இழந்தார். வாலிபத்தில் விசுவாசத்தைக் கைவிட்டார். பட்டாளத்தில் சேர்ந்து, தாத்தா சொத்தைத் தண்ணீராய்ச் செலவழித்தார். மொரோக்கோவில் இஸ்லாமியரின் தொழுகை அவர் மனத்தை அசைத்தது. 1886-இல் பாரிஸில் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கினார்.

1901-இல் குருவாகி, சகாரா பாலைவனம் போனார். 1905 முதல் தமன்ராசெட் என்ற சிற்றூரில் துவாரெக் மக்களிடையே வாழ்ந்தார். அங்கேதான் பெரிய சோதனை! உடன் ஒரு கிறிஸ்தவராவது இல்லாமல் குரு பூசை வைக்க அன்று அனுமதி இல்லை. சுற்றிலும் முஸ்லிம்கள், 1907 கிறிஸ்துமஸ் பூசையில்லாமலே கழிந்தது. அடுத்த மாதம் நோயில் விழுந்தார். ஊரே பஞ்சத்தில் கிடந்தது. ஆனாலும் அக்கம்பக்கத்தார் அலைந்து தேடி, ஆட்டுப்பால் கொண்டுவந்து பிழைக்க வைத்தார்கள். அன்பைக் கொடுக்கப் போனவர், வாங்கிக்கொண்டார் பாருங்கள்! அந்த மாதக் கடைசியில்தான், தனியே பூசை வைக்கலாம் என்ற உத்தரவு அவர் கைக்கு எட்டியது.

1916 டிசம்பர் 1-இல் கொள்ளையரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் ரோமாபுரியில் புனிதராக உயர்த்தப்பட்டார். நம் நட்டாலம் தேவசகாயம் பிள்ளைக்கும் அதே நாள், அதே மேடை.