ஆரியோமைசின் தந்த சுப்பாராவ்: தொண்டைக் கிருமி அந்த மருந்தை ஜெயித்தது எப்படி?

டெட்ராசைக்கிளின் வகை ஆன்டிபயாடிக்குகளில் முதலில் வந்தது ஆரியோமைசின். அதைக் கண்டுபிடித்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் மருத்துவம் படித்தவர். பெயர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

யார் இவர்?

1895 ஜனவரி 12 அன்று, அப்போதைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை கோட்டைவிட்டு, மூன்றாவது முறைதான் தேறினார். ஸ்ப்ரூ என்ற குடல் நோய் இரண்டு சகோதரர்களை அடுத்தடுத்துக் கொண்டுபோனது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி போட்டார். அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது.

1920களில் அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் போனார். ஆஸ்பத்திரியில் இரவுப் பணியாளாக இருந்துகொண்டே ஹார்வர்டில் படித்தார். நிரந்தரப் பதவி கிடைக்காததால் 1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு உதவிய ஃபோலிக் அமிலம், யானைக்கால் நோய்க்கான மருந்து என்று வரிசையாக வந்தன.

மண்ணிலிருந்து மருந்து

அவர் குழுவில் இருந்த பெஞ்சமின் டக்கர், மிசௌரி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து 1945இல் ஆரியோமைசினைப் பிரித்தார். பலவகைக் கிருமிகளை அது ஒரே மருந்தாக அடக்கியது. 1948இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார்.

அப்புறம் என்ன ஆச்சு?

கிருமி உயிர்வாழப் புரதம் தயாரிக்க வேண்டும். டெட்ராசைக்கிளின் அந்த இயந்திரத்தில் போய் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். குழந்தைகளின் தொண்டையைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் கிருமிகளில் சில, ஒட்டிய மருந்தைப் பிடுங்கிப்போடும் புரதத்துக்கான மரபணுவைப் பெற்றன. இந்த மரபணு கிருமிக்குக் கிருமி தாவக்கூடியது. 1950களிலேயே எதிர்ப்பு தலைகாட்டியது. இன்று இந்தத் தொண்டைப் புண்ணுக்கு டெட்ராசைக்கிளின் பரிந்துரைக்கப்படுவதில்லை. சிறு பிள்ளைகளின் பல்லில் கறை படியவைக்கும் என்பது இன்னொரு காரணம்.

இப்போது அதே பாதையில் அசித்ரோமைசின்

அவிநாசி பக்கத்துச் சேவூரில் பனியன் கம்பெனி ஷிப்ட்டுக்குப் போகும் அம்மா அப்பாவுக்கு, பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் காத்திருந்தால் ஒருநாள் சம்பளம் போச்சு. மெடிக்கலில் சிரப் கேட்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் பெரும்பாலான தொண்டை வலிக்கு வைரஸ்தான் காரணம். அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. தொண்டையில் உள்ள மற்ற கிருமிகளுக்குத்தான் மருந்து பழகிப்போகும். அசித்ரோமைசின் வகைக்கு எதிர்ப்பு பெற்ற இதே ஸ்ட்ரெப்டோகாக்கஸை 2024இல் உலக சுகாதார நிறுவனம் கவனிக்க வேண்டிய கிருமிகள் பட்டியலில் சேர்த்தது.

ஆச்சரியம், பழைய பென்சிலினும் அமாக்ஸிசிலினும் இந்தக் கிருமியிடம் இன்னும் கைகொடுக்கின்றன.

அதற்காக ஸ்ட்ரெப் தொண்டையைச் சும்மா விடவும் முடியாது. கவனிக்காவிட்டால் சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதாகும். காய்ச்சலோடு கடும் தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, இருமலோ சளியோ இல்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை அவர் சொல்லட்டும். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டாலும், சொன்ன நாள் வரை கொடுத்து முடியுங்கள்.