நாவல் படித்து மொழி கற்ற குமாஸ்தா

ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்பவருக்கு முதல் தடை மொழிதான். அந்தத் தடையைக் கதைப் புத்தகங்களின் துணையோடு தாண்டியவர் ஹைன்ரிச் ஷ்லீமான். மண்ணில் புதைந்து கிடந்த டிராய் நகரைத் தோண்டி உலகப் புகழ் பெற்றவர் இவர்.

ஷ்லீமான் 1822-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி வட ஜெர்மனியில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். வறுமையால் படிப்பு நின்றது. 14 வயதில் மளிகைக் கடை வேலைக்குப் போனார். ஐந்தரை ஆண்டு உழைத்த பின், பாரமான பீப்பாயைத் தூக்கியதில் ரத்தம் கக்கினார். அந்த வேலையும் போயிற்று.

1841-ல் வெனிசுலா செல்லும் கப்பலில் எடுபிடியாகச் சேர்ந்தார். கப்பல் புயலில் சிக்கி ஹாலந்துக் கரையருகே உடைந்தது. உயிர் தப்பி ஆம்ஸ்டர்டாம் நகருக்கு வந்து சேர்ந்தார்.

பாதிச் சம்பளம் படிப்புக்கு

அங்கே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. தபால் ஆபீசுக்குக் கடிதம் கொண்டுபோவதும், பணம் வசூலிப்பதும்தான் வேலை. ஆண்டுக்கு 800 பிராங்க் சம்பளம். அதில் பாதியைப் படிப்புக்குச் செலவிட்டார். தங்கியது குளிர் காய வசதி இல்லாத சிறு அறை.

முதலில் ஆங்கிலம் படித்தார். கோல்டுஸ்மித்தின் 'வேக்பீல்டு பாதிரியார்', ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' ஆகிய இரண்டு நாவல்களையும் முழுக்க மனப்பாடம் செய்தார். மொழிபெயர்க்காமல் உரக்கப் படிப்பது அவர் முறை. தினமும் ஒரு பாடம்; ஏதாவது எழுதுவது; ஆசிரியர் திருத்தியதை நெட்டுருப் போட்டு மறுநாள் ஒப்பிப்பது. தபால் ஆபீசில் காத்திருக்கும் நேரத்திலும் கையில் புத்தகம் இருக்கும். ஆறு மாதத்தில் ஆங்கிலம் வந்தது. அடுத்த ஆறு மாதத்தில் பிரெஞ்சு. அதற்கு உதவியவை 'டெலிமாக்', 'பாலும் விர்ஜினியும்' என்ற இரண்டு நாவல்கள்.

கேட்பதற்கு ஒரு ஆள்

1844-ல் வேறு கம்பெனிக்கு மாறினார். ரஷ்ய வியாபாரத்துக்காக ரஷ்ய மொழி கற்க முனைந்தார். ஆசிரியர் கிடைக்கவில்லை. ஏற்கெனவே மனப்பாடமான 'டெலிமாக்' நாவலின் ரஷ்ய மொழிபெயர்ப்பை எடுத்தார். கதை தெரிந்ததால் புது வார்த்தைகள் பிடிபட்டன. தினமும் இரண்டு மணி நேரம் கேட்பதற்கென்றே வாரம் 4 பிராங்க் கூலிக்கு ஒரு ஏழையை அமர்த்தினார். அவருக்கோ ரஷ்ய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது! சத்தம் தாங்காமல் மற்றக் குடித்தனக்காரர்கள் புகார் செய்ய, இரண்டு முறை அறை மாற நேர்ந்தது. ஆறே வாரத்தில் ரஷ்ய மொழியில் வியாபாரக் கடிதம் எழுதினார். 1846-ல் கம்பெனி அவரை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அனுப்பியது. அங்கே பெரும் வணிகரானார்.

1856-ல் கிரேக்கம் கற்றார். அப்போதும் 'பாலும் விர்ஜினியும்' நாவல்தான். இம்முறை கிரேக்க மொழியில். பிறகு ஹோமரைப் படித்தார். 1871-ல், இன்றைய துருக்கியில் உள்ள ஹிசார்லிக் மேட்டைப் பெரிய அளவில் தோண்டத் தொடங்கினார். 1873-ல் தங்கப் புதையல் கிடைத்தது.

குறைகளும் உண்டு. அவசரமாகத் தோண்டியதில் பல அடுக்குகள் அழிந்தன. பிரியம் மன்னனுடையது என்று அவர் சொன்ன தங்கம் அந்தக் காலத்துக்கும் ஆயிரம் ஆண்டு முற்பட்டது. தன் வரலாற்றிலும் சிலவற்றை மிகைப்படுத்தினார் என்று ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். 1890 டிசம்பர் 26-ந் தேதி நேப்பிள்ஸ் நகரில் காலமானார்.

ஆனாலும் அவர் கையாண்ட வழி எளியது. நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கதையை, நாம் பிழைக்க வந்த ஊரின் மொழியில் வாங்கி உரக்கப் படிக்கலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு புத்தகத்தின் விலைதான்.