டெலஸ்கோப் வாடகைக்கு எடுத்த இசை ஆசிரியர்... கோளையே கண்டுபிடித்த கதை! யார் இந்த வில்லியம் ஹெர்ஷல்?

பிள்ளைக்கு நிலாவைக் காட்ட ஒரு டெலஸ்கோப் வாங்கலாம்னு ஆன்லைனில் தேடினால், முதலில் கண்ணில் படுவது ‘இத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்’ என்ற விளம்பரம்தான். சுமார் 250 ஆண்டுகளுக்கு முன்பு, எதை வாங்குவது என்று தெரியாமல் இதே மாதிரி திண்டாடியவர்தான் வில்லியம் ஹெர்ஷல்.

1738-ல் ஜெர்மனியின் ஹானோவரில் பிறந்தார். அப்பா ஐசக், ராணுவ இசைக்குழுவில் ஓபோ என்ற குழலை வாசித்தவர். வில்லியமின் தங்கை கரோலினை தெளிவான ஒரு குளிர் இரவில் தெருவுக்கு அழைத்துப் போய், நட்சத்திரக் கூட்டங்களைக் காட்டியவர் இந்த ஐசக். டெலஸ்கோப் எல்லாம் கிடையாது, வெறும் கண்தான்!

1757-ல் போர் சூழலில் இங்கிலாந்து போன வில்லியம், பாத் நகரில் தேவாலய ஆர்கன் கலைஞராகவும் இசை ஆசிரியராகவும் ஆனார். 1773-ல் ஒரு வானியல் புத்தகத்தை வாங்கியதும் ஆர்வம் தொற்றிக்கொண்டது.

முதலில் லென்ஸ் வாங்கி, கரோலினை அட்டைக் குழாய் செய்யச் சொன்னார். குழாய் ரொம்ப நீளம், வளைந்துவிட்டது. அவரைத் தவிர வீட்டில் யாருக்கும் வியாழன் கிரகம் தெரியவே இல்லை. (ஆடுற ஸ்டாண்டோடு மலிவு டெலஸ்கோப் வாங்கிய பெற்றோருக்கு இந்த வலி புரியும்.) தகரக் குழாய் போட்டதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனாலும் அவ்வளவு நீளத்தைக் கையாள முடியாமல், கண்ணாடியில் ஒளியைப் பிரதிபலிக்கும் சின்ன டெலஸ்கோப் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அது பிடித்துப்போக, பெரிய கண்ணாடிக்கு லண்டனில் விலை கேட்டால், கட்டுப்படியாகவில்லை.

சரி, நாமே செய்வோம்னு இறங்கிட்டார்!

செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை வார்த்து, தேய்த்து, மெருகேற்ற வேண்டும். நடுவில் கையை எடுக்கக் கூடாது. ஒருமுறை 16 மணி நேரம் தொடர்ந்து தேய்த்தார். கரோலின்தான் பக்கத்தில் இருந்து கதை வாசித்தார், சாப்பாடும் ஊட்டினார்.

1781 மார்ச் 13 இரவு, வீட்டுத் தோட்டத்திலிருந்து பார்த்தபோது வட்டமாக ஒரு புள்ளி தெரிந்தது. வால்நட்சத்திரம் என்றே நினைத்தார். மற்ற வானியலாளர்கள் கணக்குப் போட்ட பிறகுதான் அது கோள் என்பது உறுதியானது. அதுதான் யுரேனஸ். பழங்காலம் முதல் தெரிந்திருந்த சனிக்கு அப்பாலும் ஒரு கோள் இருக்குன்னு அன்றுதான் உலகுக்குத் தெரிஞ்சது. அந்த டெலஸ்கோப்பின் கண்ணாடி அகலம் 6.2 அங்குலம், அதாவது 16 செ.மீ.க்கும் குறைவு. கிட்டத்தட்ட அதே அகலத்தில் தொடக்கநிலை டெலஸ்கோப்புகள் இன்று கடையில் கிடைக்கின்றன. எத்தனை மடங்கு என்பது கண் வைக்கும் லென்ஸை மாற்றினால் மாறிவிடும். எவ்வளவு ஒளி உள்ளே வரும் என்பதைத் தீர்மானிப்பது இந்த அகலம்தான்.

மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 200 பவுண்டு கொடுக்க, ஹெர்ஷல் இசைத்தொழிலை விட்டார். மன்னர் பணத்தில் 40 அடி நீள ராட்சத டெலஸ்கோப்பும் கட்டினார். 1789-ல் வேலை முடிந்தது. ஆனால், அதை நிறுத்தித் திருப்புவதே பெரும்பாடு, கண்ணாடியும் மங்கிக்கொண்டே இருந்தது. அவர் அதிகம் பயன்படுத்தியது பழைய 20 அடி டெலஸ்கோப்பைத்தான். கரோலினும் சும்மா இல்லை, 8 வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார்.

1792-ல் பிறந்த மகன் ஜான், இந்தக் குழாய்களுக்கு நடுவே வளர்ந்தவர். 1820-ல் அப்பாவின் வழிகாட்டுதலில் அவரே ஒரு 20 அடி டெலஸ்கோப் செய்தார். 1822-ல் வில்லியம் காலமானார். அந்த டெலஸ்கோப்பைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஜான் தென்னாப்பிரிக்கா போய் இறங்கியது 1834-ல். இங்கிலாந்தில் இருந்து அப்பாவால் பார்க்க முடியாத தென்வானத்தை, அங்கே 4 ஆண்டுகள் தங்கிப் பதிவு செய்தார்.