பாதிச் சொத்தைப் படிப்புக்குக் கொடுத்த டாட்டா

1912-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி. சாக்சி என்ற ஊரில் ஒரு புதிய தொழிற்சாலை. அதில் முதல் உருக்குப் பாளம் வார்க்கப்பட்டது.

அதைப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆசைப்பட்டவர் அங்கே இல்லை. அவர் இறந்து ஏறக்குறைய 8 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர்தான் ஜாம்செட்ஜி டாட்டா.

குருமார் வீட்டுப் பிள்ளை

குஜராத்தில் உள்ள நவ்சாரியில் 1839-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி டாட்டா பிறந்தார். பார்சி மத குருமார் குடும்பம். தந்தை நசர்வான்ஜி அந்த வழியில் போகாமல் பம்பாய்க்குப் போய் வியாபாரம் செய்தார். (இன்று அந்த நகரின் பெயர் மும்பை.) மகனும் பம்பாய் வந்து, எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்தார்.

1868-ல் ரூ.21 ஆயிரம் முதல் போட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1877-ல் நாகபுரியில் அவருடைய எம்பிரஸ் பஞ்சாலை திறக்கப்பட்டது. "ரிங்" என்ற புதுமாதிரி நூற்பு எந்திரம் அப்போதுதான் வந்திருந்தது. இங்கிலாந்து ஆலைக்காரர்களே அதை வாங்கத் தயங்கினார்கள். டாட்டா தயங்கவில்லை. வரவழைத்து ஓட்டிப் பார்த்தார்.

எந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அதன் நுட்பம் அறிந்த ஆட்களை நாம்தான் உண்டாக்க வேண்டும். டாட்டா பிற்காலத்தில் இந்த வேலையையும் செய்தார்.

1892-ல் அவர் ஒரு நிதி ஏற்படுத்தினார். கெட்டிக்கார மாணவர்கள் வெளிநாடு சென்று மேல்படிப்புப் படிக்க அதில் இருந்து பணம் கொடுக்கப்பட்டது. அது தானம் அல்ல, கடன். படித்துச் சம்பாதிக்கத் தொடங்கியதும் திருப்பிக் கட்ட வேண்டும்.

ரூ.30 லட்சம்

எத்தனை பேரைக் கப்பல் ஏற்ற முடியும்? உயர்ந்த விஞ்ஞானப் படிப்பு நம் நாட்டிலேயே கிடைக்க வேண்டும் என்று டாட்டா விரும்பினார். அதற்காக 1898-ல் 14 கட்டிடங்களையும் 4 நிலங்களையும் கொடுக்க முன்வந்தார். அன்றைய மதிப்பு ரூ.30 லட்சம். அவர் சொத்தில் ஏறக்குறையப் பாதி!

வைசிராய் கர்சான் பிரபுவுக்குச் சந்தேகம். இவ்வளவு பெரிய படிப்புக்கு மாணவர்கள் வருவார்களா? படித்தவர்களுக்கு வேலை எங்கே? இப்படியே ஆண்டுகள் ஓடின. டாட்டா கொடுத்த வாக்கை மாற்றவில்லை.

அவருக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அது இரும்பு. 1902-ல், 63-வது வயதில், அமெரிக்கா போய் உருக்கு ஆலைகளை நேரில் பார்த்தார். சார்லஸ் பெரின் என்ற நிபுணரை வேலைக்கு அமர்த்தினார்.

1904-ம் ஆண்டு மே 19-ந் தேதி ஜெர்மனியில் டாட்டா காலமானார். அன்று கல்விக்கூடமும் இல்லை. உருக்கு ஆலையும் இல்லை. இரண்டும் திட்டமாகவே இருந்தன.

மகன்கள் முடித்தார்கள்

மகன்கள் தோராப்ஜியும் ரத்தனும் அந்த வேலையைக் கையில் எடுத்தார்கள். பெங்களூரில் மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் கொடுத்தது. 1909-ல் இந்திய விஞ்ஞானக் கழகம் அமைந்தது. 1911-ல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன், 1933-ல் அதன் முதல் இந்திய இயக்குநர் ஆனார்.

உருக்கு ஆலைக்கு லண்டனில் பணம் திரட்ட முயன்றார்கள். கிடைக்கவில்லை. 1907-ல் நம் மக்களிடமே பங்கு விற்றார்கள். மூன்றே வாரத்தில், ஏறத்தாழ 8 ஆயிரம் இந்தியர்கள் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார்கள்!

தொடக்கத்தில் ஆலையின் முக்கியப் பொறுப்புகளில் வெளிநாட்டு நிபுணர்களே இருந்தார்கள். 1921-ல் அங்கே தொழில்நுட்பப் பள்ளி திறக்கப்பட்டது. படிப்படியாக நம் இளைஞர்கள் அந்த வேலைகளைக் கற்று, அந்த இடங்களுக்கு வந்தார்கள்.

சாக்சிக்கு 1919-ல் ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டப்பட்டது. அது இப்போது ஜார்க்கண்ட் மாநிலத்தில் இருக்கிறது.

டாட்டா 1892-ல் தொடங்கிய கடன் நிதியும் நின்றுவிடவில்லை. ஒரு மாணவர் திருப்பிக் கட்டும் பணத்தில், இன்றும் இன்னொரு மாணவர் படிக்கப் போகிறார்.