சேற்றுப் பாசியும் ஒரு சென்னைப் பேராசிரியரும்: ஊருக்கு ஊர் மண் ஏன் வேறாக இருக்கிறது?

போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாக உடும்பஞ்சோலைப் பக்கம் பைக்கில் போயிருக்கிறீர்களா? மழை விட்ட மறுநாள் அங்கே ஈர மண்ணில் பச்சையாக ஒரு படலம் பூத்திருக்கும். வழுக்கிவிடுமோ என்று ஓரமாக ஒதுங்குவோம், அவ்வளவுதான்.

அந்தப் பச்சைக்காகவே வாழ்ந்த ஒருத்தர் சென்னையில் இருந்தார். மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார், சுருக்கமாக எம்.ஓ.பி. ஐயங்கார். 1886 டிசம்பரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பின்னாளில் அங்கேயே தாவரவியல் பாடமும் நடத்தினார். நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்துபோகிற குட்டைதான் அவருக்கு ஆய்வுக்கூடம். 1930-களின் தொடக்கத்தில் லண்டனுக்குப் போய், பாசியியலில் அன்றைக்குப் பெரிய ஆளான ஃபிரிட்ச் என்ற பேராசிரியரிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினார்.

1932-ல் ஐயங்கார் உலகுக்கு ஒரு புதுப் பாசியைக் காட்டினார். மழைத்தண்ணீர் வற்றிய சேற்றில் வளர்வது. ஒரு பகுதி மண்ணுக்குள் கிழங்கு மாதிரி திரண்டிருக்கும்; இன்னொரு பகுதி கிளைவிட்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஆசிரியர் நினைவாக அதற்கு ஃபிரிட்சியெல்லா என்று பெயர் வைத்தார். பார்த்தவர்களுக்கு ஆச்சரியம்: வேர், தண்டு என்று பிரிந்த செடியின் முன்மாதிரி போலவே இருக்கிறதே! தண்ணீரிலிருந்து தாவரங்கள் நிலத்துக்கு ஏறிய கதைக்கு அது உதாரணமாகிப் பாடப்புத்தகங்களில் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் தாவரவியல் படித்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள், படம் வரைந்தே காட்டுவார்கள்.

ஆனால் கதை திரும்பியது. செல் எப்படிப் பிரிகிறது என்பதையும், பிறகு மரபணுக்களையும் பார்த்தபோது, ஃபிரிட்சியெல்லா நம் மரஞ்செடிகளின் நேர் உறவே இல்லை என்று தெரிந்தது. சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன் செடிகள் நிலத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் கிளை பிரிந்துவிட்டது. நெருங்கிய சொந்தம் யார் என்றால், குளத்தில் நூல் நூலாக மிதக்கும் ஸ்பைரோகைராவின் கூட்டம்! ஐயங்காரின் வர்ணனையில் தப்பு ஒன்றும் இல்லை. சேற்றில் பிழைக்க வேண்டிய கட்டாயம் இரண்டு வெவ்வேறு வம்சங்களுக்கு ஒரே மாதிரி உடம்பைக் கொடுத்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் மண் வருகிறது. 1934-ல் நெதர்லாந்தின் பாஸ் பெக்கிங் ஒரு கருத்தைப் பிரபலமாக்கினார்: நுண்ணுயிர்கள் உலகம் முழுக்கப் பரவியிருக்கின்றன, எது தழைக்கும் என்பதைச் சூழல் முடிவு செய்கிறது. ஈரம், அமிலத்தன்மை ஒத்துப்போனால் போதும் என்று பல காலம் நம்பினார்கள். சூழலுக்குப் பெரிய பங்கு உண்டுதான். ஆனால் வம்ச வரலாறும் தடம் விடுகிறது. ஸ்ட்ரெப்டோமைசிஸ், அதாவது மண்வாசனைக்கும் பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் காரணமான பாக்டீரியா, அமெரிக்காவில் வடக்கே ஒரு விதமாகவும் தெற்கே ஒரு விதமாகவும் இருக்கிறது. கடைசிப் பனியுகம் முடிந்து அவை வடக்கே பரவிய பயணம் இன்னும் மரபணுவில் தெரிகிறது.

ஐயங்கார் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்து, 1963 டிசம்பரில் காலமானார். மாணவர் டி.வி. தேசிகாச்சாரியுடன் எழுதிய வால்வாக்கேல்ஸ் பற்றிய பெரிய நூல் 1981-ல்தான் வெளிவந்தது. ஒரு கடற்பாசிப் பேரினத்துக்கு ஐயங்காரியா என்று பெயர்.

திரும்ப உடும்பஞ்சோலைக்கு வருவோம். இந்தியாவில் பூச்சிமருந்து அதிகம் தெளிக்கப்படும் பயிர்களில் ஏலமும் ஒன்று. எல்லாம் எங்கும் இருக்கும் என்றால் கவலையில்லை, போனது காற்றோடு திரும்பி வந்துவிடும். வம்ச வரலாறும் சேர்ந்துதான் மண்ணைத் தீர்மானிக்கிறது என்றால், இந்த மலையோடு சேர்ந்தே பழகிய ஒரு கிளை போனால் போனதுதான். அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்காரும். அதுவும் பச்சையாகத்தான் இருக்கும், மழைக்கு அதுவும் வழுக்கும். பைக்கில் போகிற நமக்கு வித்தியாசமே தெரியாது.